காடு வளரவிட்ட நிலம் தரிசு நிலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்து மனை புதர் மண்டிக் கிடக்கிறது, மாநகர் மன்றம் ஆள் அனுப்பி வழித்தெடுக்க வேண்டும் என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். பாம்புக்கும் கொசுவுக்கும் பயப்படுவது நியாயம்தான். ஆனால் ஏடிஸ் கொசு விரும்பி முட்டையிடுவது பூந்தொட்டித் தட்டிலும் தூக்கியெறிந்த டயரிலும் தேங்கும் நீரில். அதைக் கவிழ்த்துக் கொட்டாமல், வேலியோரம் தானாக முளைத்த அத்தியையும் ஏழிலைப்பாலையையும் பிடுங்கிப் போடுவதால் டிங்கி குறையப்போவதில்லை.

பினாங்குக் கொடிமலை 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். மலைமேல் இருக்கும் காட்டுக்குக் காவல் உண்டு. அடிவாரத்தில், தனியார் பெயரில் பட்டா உள்ள தோட்டங்களையும் வீட்டுக் கொல்லைகளையும் பற்றி யாரும் பேசுவதில்லை. லோத்தோங் குரங்குகள் மரம் விட்டு மரம் தாவி இலை தேடி வருவது இந்தக் கொல்லைகள் வழியாகத்தான். மரம் அற்றுப்போன இடத்தில் தரையிறங்குகின்றன, சாலையில் அடிபட்டுச் சாகின்றன. தெலுக் பாஹாங்கில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே அவற்றுக்கு ஒரு பாலம் அமைத்தார்கள். அமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் இரு முனையிலும் மரம் நின்றால்தான் குரங்கு பாலத்தில் ஏறும்.

பாலிக் பூலாவில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய டுரியான் தோட்டம் இருக்கிறது. டுரியான் பூ பொழுது சாயும்போது விரிந்து, இரவில் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் வௌவால்களே செய்கின்றன. டுரியான் பூக்காத மாதங்களில் அவை எதைத் தின்று பிழைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் எல்லையில் நிற்கும் பெத்தாய் மரம் பூக்கும் நாளில் இருட்டியபின் வந்து பாருங்கள். நீண்ட காம்பில் தொங்கும் உருண்டைப் பூவை வௌவால் கட்டிப்பிடித்து, முகம் புதைத்து நக்கிவிட்டு, மார்பெல்லாம் மகரந்தம் அப்பியபடி அடுத்த உருண்டைக்குப் பறக்கும். காட்டுவாழையும் சதுப்பு நிலத்துப் பெரெம்பாங் மரமும் இப்படித்தான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. களைக்கொல்லி அடித்து, டுரியானைத் தவிர எல்லாவற்றையும் ஒழித்த தோட்டங்கள் எங்கள் பக்கத்திலும் பெருகிவிட்டன. மழை பெய்தால் அந்தச் சரிவுகளிலிருந்து செம்மண் குழம்பாக ஓடையில் இறங்குகிறது. பூவைத் தின்று கெடுக்கிறது என்று வௌவாலுக்கு வலை கட்டுகிறவர்களும் உண்டு. பெரிய பழந்தின்னி வௌவால்கள்கூடப் பூவைச் சேதப்படுத்தாமல் தேனைக் குடித்துக் காய்ப்பைக் கூட்டுகின்றன என்று, தியோமான் தீவில் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது.

சட்டம் எப்படி இருக்கிறது? 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைத் தொடர்ந்து பயிரிட்டாக வேண்டும். மேட்டுச் சரிவையாவது காடாகத் திரும்ப விடலாம் என்று நினைக்கிறவர், சட்டத்தின் கண்ணில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்தவர் ஆகிவிடுகிறார். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கன்றாக இருக்கும்போதே புதரோடு புதராக வழித்துவிட்டால், எந்த மரம் அந்தச் சுற்றளவை எட்டும்?

நிலத்தின் ஒரு பகுதியை இயற்கைக் காடாக விடுவதும் முறையான பயன்பாடுதான் என்று நில அலுவலகங்கள் ஏற்க வேண்டும். அப்படி விடுகிறவருக்கு நில வரியில் கழிவு கொடுக்க வேண்டும். நில வரி மாநிலத்தின் கையில் இருப்பதால், இதையாவது கூட்டரசுக்காகக் காத்திராமல் பினாங்கே தொடங்கலாம்.

நம் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளாகம் முழுவதும் சிமெண்ட் பூசிவிடுகிறோம், ஒரு பறவை வந்து உட்காரக் கிளை இல்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னை இந்தத் தீவின் கரையிலும் இயற்கையாக வளர்வதுதான். ஜார்ஜ்டவுன் எழுந்த முனைக்கே அந்த மரத்தை வைத்துத்தான் தஞ்சோங் பெனாகா என்று முன்பு பெயர். அடுத்த திருப்பணிக் கணக்கில், சுற்றுச்சுவர் ஓரத்துக்கு மட்டுமாவது தரை ஓட்டுக்குப் பதிலாகப் புன்னைக் கன்றுகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பாலிக் பூலாவ், பினாங்கு