தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் "டியூட்டியில இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். சரி, கடிதமென்றால் பாதியில் வைக்க முடியாது.

உங்கள் முதியோர் குடியிருப்பில் அந்த டீச்சரம்மா தவறியதை மருமகள்தான் சொன்னாள். அதைக் கேட்க இதை எழுதவில்லை. உன்னிடம் பாலியேட்டிவ் கேர், அதுதான் குணமாகாத நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு, பழகும் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இருபது வயதுப் பெண்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க, வலிக்கு மார்ஃபின் எழுதினால் மலம் கட்டும் என்பதால் அன்றே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க, எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பாய். மறதி முற்றியவர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார், புருவம் சுருங்கும், தொட்டால் கையைத் தட்டிவிடுவார். அதையும் சொல்லியிருப்பாய். கடைசி நாட்களில் ஊட்டினால் புரையேறும், வாயை ஈரமாக வைத்திருந்தால் போதும் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியும். அமெரிக்காவிலிருந்து வந்திறங்கும் மகனுக்குப் புரியாது. "பட்டினி போட்டே கொல்றீங்களா" என்று கத்துவான். அந்தக் கத்தலை வாங்கிக்கொள்ள என்ன பயிற்சி வைத்திருக்கிறாய்?

ஒரு சாவு முடிந்ததும் அவளை உடனே அடுத்த அறைக்கு அனுப்பாதே. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடு. அழுதால் அழட்டும்.

நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் மார்ஃபினுக்கு ஆயிரம் லைசென்ஸ் கேட்பார்கள். 2014-இல்தான் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் பாலியேட்டிவ் கேர் தொடங்கியவர்கள் பிற்பாடு அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி வீடுவீடாக அனுப்பினார்கள். மருந்தோடு கூட உட்கார ஆளும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீயும் அந்த வழியில் போனது எனக்குப் பெருமைதான், தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் தங்கச்சி நிச்சயத்துக்கு வந்தவன் பந்தியில் உட்காரவே இல்லையே. பெரியத்தை கேட்டதற்கு நான் என்ன சொல்வது?

மறுபடியும் சொல்கிறேன், சாவு முடிந்ததும் டீ. பயிற்சி கொடுக்கிறவனுக்கும் உண்டு அது. உனக்கு யார் வாங்கிக் கொடுக்கிறார்கள்?

வியாழக்கிழமை சித்தப்பா கோவை வருகிறார். பருப்புப்பொடியும் அதிரசமும் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி டியூட்டி என்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. போன தடவை மாதிரி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வர வைக்காதே.

அம்மா