அப்பவே சொல்லியாச்சு, யாருக்கும்தான் கேக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வயசுல தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளப் பத்தி பெண்கள் எழுதுற உங்க தொடர ஆரம்பத்துல இருந்தே விடாம படிச்சிட்டு வரேன். போன இதழ்ல அதுக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தீங்க, அதப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல, அதான் எழுத உக்காந்துட்டேன். அவர் கேட்டது ரெண்டே கேள்வி. இதெல்லாம் அப்பவே சொல்லாம இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு, அப்புறம் வீட்டு விஷயத்த எதுக்கு ஊரே படிக்கிற மாதிரி எழுதணும்னு. ரெண்டாவதுக்கு பதில் சுலபம், வீட்டுக்குள்ள காது குடுத்து கேட்டிருந்தா யாரும் பத்திரிகைக்கு எழுதப் போறதில்ல. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பவே சொல்லலன்னு உங்களுக்கு யார் சொன்னா சார்?

நான் ஒரு டீச்சர். சின்னப் பிள்ளைங்க சொல்றது எப்படி இருக்கும்னு தினமும் பாக்குறேன். பெரியவங்க எதிர்பாக்குற மாதிரி யார், எங்க, எப்பன்னு கோர்வையா வராது. "அந்த வீட்டுக்கு நான் வரல". "நான் பாட்டி பக்கத்துலதான் படுப்பேன்". "டியூஷன மாத்தி விடும்மா". இல்லன்னா சொல்லவே சொல்லாது, வயித்த வலிக்குதுன்னு மட்டும் சொல்லும், டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லம்பாரு. படுக்கைய நனைக்கிறத எப்பவோ விட்ட பிள்ள திரும்ப நனைக்கும். ஸ்கூல் விட்டு மத்த பிள்ளைங்க எல்லாம் ஓடினப்புறமும் ஒரு பிள்ள மட்டும் பையில புத்தகத்த வெச்சு, எடுத்து, திரும்ப வெச்சுக்கிட்டே இருக்கும், வீட்டுக்குப் போக மனசு வராம. இதுல எதையாவது பாத்த உடனே கெட்டதுதான் நடந்திருக்குன்னு முடிவு பண்ணச் சொல்லல, வேற காரணமும் இருக்கலாம், ஆனா என்னன்னு ஒருத்தராவது நின்னு பாக்கணும் இல்லையா. நம்ம வீடுகள்ல அது காதுல விழுற விதமே வேற. அடம், திமிர், படிக்க டிமிக்கி குடுக்குது, அவ்ளோதான்.

என் கதையும் அப்படித்தான். அப்பாவுக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தர் அடிக்கடி வருவார், வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் தனியா ஏதாவது வாங்கிட்டு வருவார், யாருக்கும் காட்டாதன்னு சொல்லிக் குடுப்பார். அவர் செருப்பு கழட்டுற சத்தம் கேட்டாலே நான் உள் ரூமுக்கு ஓடிடுவேன். ஒரு நாள் ஹால்ல இருந்து "எங்க என் தங்கம், வந்து மடியில உக்காரு"ன்னு கூப்பிட்டப்ப நான் கதவுக்குப் பின்னால நின்னு தாழ்ப்பாள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அம்மா வந்து என் விரல ஒவ்வொண்ணா அதுல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. கோவமா கூட இல்ல, சிரிச்சுக்கிட்டேதான். "என்னடி இது, வந்தவர் என்ன நெனப்பாரு". அம்மாவ குத்தம் சொல்ல இத எழுதல, வந்தவங்க மனசு கோணக் கூடாதுன்னு சொல்லித்தான் அவங்களயும் வளத்திருக்காங்க. ஆனா சொல்லுங்க, அந்தத் தாழ்ப்பாளப் பிடிச்சுக்கிட்டு நின்னத விட தெளிவா அந்த வயசுல ஒரு பிள்ள எப்படி சொல்லும்?

அத கேட்ட ஒரே ஆள் என் பெரியம்மா. லீவுக்கு வந்திருந்தாங்க. அவர் வந்ததும் என் மூஞ்சி போன போக்கப் பாத்தாங்க, என்னன்னு என்னை ஒரு வார்த்த கேக்கல, "அவளுக்கு என்கூட வேலை கெடக்கு"ன்னு சத்தமா சொல்லிட்டு கையப் பிடிச்சு பின்பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. துணி மடிக்கச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி பெரியவங்க ரூம்ல ரொம்ப நேரம் பேச்சு நடந்துச்சு. அதுக்கப்புறம் அவர் வந்தா வாசலோட சரி, கொஞ்ச நாள்ல அதுவும் நின்னு போச்சு. என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிக்கல, சாட்சி கேக்கல, நான் சொல்லாமலே நம்பினாங்க.

எல்லாருக்கும் அப்படி ஒரு பெரியம்மா கிடைக்கிறதில்ல, அதான் பிரச்சனை. யுனிசெஃப் 2024 அக்டோபர்ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, இன்னிக்கு உலகத்துல உயிரோட இருக்குற பெண்கள்ல 37 கோடிக்கும் மேல, அதாவது எட்டு பேர்ல ஒருத்தர், 18 வயசுக்கு முன்னாடியே பாலியல் வன்கொடுமைக்கோ தாக்குதலுக்கோ ஆளானவங்கன்னு. தொடாம பேச்சாலயும் போன்லயும் பண்றதச் சேத்தா அஞ்சுல ஒருத்தர். பசங்களும் தப்பல, ஆண்கள்ல கிட்டத்தட்ட 11 பேர்ல ஒருத்தர்னு அதே கணக்கு சொல்லுது, அவங்க வாயத் திறந்தா கேலி பண்ணியே அடக்கிடுறோம், அது தனியா எழுத வேண்டிய விஷயம். இதப் பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க குழந்தைக்கு ஏற்கனவே தெரிஞ்சவங்க. மொதல்ல வீட்டுப் பெரியவங்க நம்பிக்கைய சம்பாதிப்பாங்க, அப்புறம் பரிசு, அப்புறம் ரகசியம், இந்த வரிசையிலதான் நெருங்குவாங்க. ஆனா நாம பொண்ணுங்களுக்கு சொல்ற பாதுகாப்பு பாடம் முழுக்க ரோட்டப் பத்தித்தான் இருக்கு. இருட்டறதுக்குள்ள வா, தனியா போகாத, அந்த டிரஸ் வேணாம், யாராவது மிட்டாய் குடுத்தா வாங்காத. வீட்டுக்கு வர்ற மாமா குடுத்தா மட்டும் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கணும், கன்னத்துல முத்தமும் குடுக்கணும்.

"கத்தியிருக்கலாமே, தள்ளி விட்டிருக்கலாமே"ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. பயம் உச்சத்துக்குப் போனா உடம்பு ஓடும், இல்ல எதிர்க்கும்னு நெனைக்கிறோம், மூணாவதா ஒண்ணும் உண்டு, அப்படியே மரத்துப் போயிடும், கை கால் அசையாது, குரல் வராது. சுவீடன்ல பாலியல் வன்கொடுமை நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள வெச்சு பண்ணின ஆய்வு 2017ல வெளியாச்சு, அதுல 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்துல உடம்பு அப்படி மரத்துப் போயிருந்துச்சு. வளந்த பெண்களுக்கே அந்த கதின்னா ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பிள்ளைய ஏன் கத்தலன்னு கேக்குறது என்ன நியாயம்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, எனக்கு ரொம்ப உறுத்துறது அதுதான். பெரிய விஷயத்துல தன் பேச்சு எடுபடும்னு ஒரு பொண்ணு நம்பணும்னா சின்ன விஷயத்துல அது எடுபட்டிருக்கணும். நம்ம வீட்ல எங்க எடுபடுது? தம்பி கதவ சாத்திக்கிட்டா அவனுக்குப் படிக்க தனிமை வேணும், அவ சாத்தினா உள்ள என்ன பண்றா. அவன் வேணாம்னா வேணாம், அவ வேணாம்னா வாய் ஜாஸ்தி. 5ல இருந்து 14 வயசு வரைக்கும் இருக்குற பெண் குழந்தைங்க அதே வயசுப் பசங்கள விட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலைல செலவழிக்கிறாங்கன்னு 2016லயே யுனிசெஃப் சொல்லியாச்சு, அதக் கேட்டா பொண்ணுங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்திங்கன்னு பெருமையா வேற சொல்வாங்க. போதாததுக்கு நிறம், உடம்பு, பல்லு, முடின்னு வர்றவங்க போறவங்க எல்லாம் மார்க் போடுவாங்க, அவ எதிர்லயே. 2017ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ரொம்ப ரொம்ப புத்திசாலின்னு ஒருத்தரப் பத்தி சொன்னா அது யாரா இருக்கும்னு குழந்தைங்க கிட்ட கேட்டிருக்காங்க, அஞ்சு வயசுல பொண்ணுங்க அது ஒரு பொண்ணாத்தான் இருக்கும்னு சொல்லியிருக்காங்க, ஆறு வயசு ஆனதும் அந்த எண்ணம் குறைய ஆரம்பிச்சிருக்கு. ஒரே வருஷத்துல! நாமதான் எங்கயோ சொல்லிக் குடுத்துடுறோம். நீ அவ்ளோ ஒண்ணும் முக்கியம் இல்லன்னு தினம் கேட்டு வளந்தவ, எனக்கு இப்படி ஆச்சுன்னு வந்து நின்னா இவங்க நம்புவாங்கன்னு எத வெச்சு நம்புவா?

குழந்தைகள் உரிமை பத்தி ஐநா 1989ல கொண்டு வந்த உடன்படிக்கைல 12வது பிரிவே இதுதான், தன்னப் பாதிக்கிற விஷயத்துல குழந்தை தன் கருத்த சொல்லலாம், பெரியவங்க அதுக்கு மதிப்பு குடுக்கணும். உலகத்துல ஒரு நாடு தவிர மத்த எல்லா ஐநா உறுப்பு நாடும் அத ஏத்துக்கிட்டாச்சு. வீடு ஏத்துக்கணுமே.

பிள்ளைங்க வந்து சொல்லும்போது முழுசா சொல்லாதுங்க. மொதல்ல ஒரு சின்ன துண்ட மட்டும் சொல்லிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். அங்க கோவமோ பதட்டமோ தெரிஞ்சா "சும்மா சொன்னேன் டீச்சர்"னு எடுத்துக்கும், அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் வராது. அதனால மூஞ்சிய சாதாரணமா வெச்சுக்கணும், உள்ள என்ன கொதிச்சாலும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணக் கூடாது, ஏன்னா சொல்லித்தான் ஆகணும், யார்கிட்ட எதுக்கு சொல்லப் போறேன்னு அதுகிட்டயே சொல்லிட்டா போதும். நீ சொன்னது நல்லது, உன் மேல எந்தத் தப்பும் இல்ல, இது ரெண்டும் சொல்லணும். அப்புறம் தயவு செஞ்சு அம்மா கிட்ட ஒரு தடவ, அத்தை கிட்ட ஒரு தடவ, பிரின்சிபால் கிட்ட ஒரு தடவன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்ல வைக்காதீங்க. "ஏன் அப்பவே சொல்லல"ங்கறத கேக்கவே வேணாம். அந்த வாசகர் வீட்லயும் பெண் குழந்தைங்க இருக்கலாம், அவர் கடிதத்த அதுங்களும் படிச்சிருக்கலாம், எனக்கு அந்தக் கவலைதான் அதிகமா இருக்கு.

ஆசிரியர் கிட்ட ரெண்டு வேண்டுகோள். தொடருக்கு ஒவ்வொரு தடவையும் மூலையில குத்துக்கால் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டு அழுவுற ஒரு பொண்ணு படம் போடுறீங்க, அத மாத்துங்க. எழுதுறவங்க யாரும் மூலையில உக்காந்து எழுதல, ஆபீஸ் போயிட்டு, பிள்ளைய தூங்க வெச்சிட்டு, நிமிந்து உக்காந்து எழுதுறாங்க. அடுத்தது, குழந்தைகள் உதவிக்குன்னு இலவச போன் நம்பர் பல நாடுகள்ல இருக்கு, உங்க வாசகர்கள் எங்கெங்க இருக்காங்களோ அந்தந்த நம்பர எல்லாம் தொடர் முடியுற பக்கத்துல கட்டம் கட்டிப் போடுங்க. ஒரு இதழ்ல மட்டும் போட்டா போதாது, எல்லா இதழ்லயும். சின்ன எழுத்துல வேணாம், பிள்ளைங்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு இருக்கட்டும்.

என் பேரு வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி