ஸ்பேமில் கிடந்த விலைப்பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராவியில் தோல்பை தைத்து விற்கிறேன். தீபாவளிக்கு முன்பு கடைப் பெயரிலேயே புது மின்னஞ்சல் முகவரி வாங்கி, அன்றைக்கே பழைய வாடிக்கையாளர் 900 பேருக்கும் ஒரே மூச்சில் விலைப்பட்டியல் அனுப்பினேன். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. வருஷா வருஷம் 40 லேப்டாப் பை எடுக்கும் நெல்லைக்காரரைக் கூப்பிட்டால், "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் வரலையே" என்கிறார். பேசிக்கொண்டே, வேண்டாத அஞ்சல்கள் ஒதுக்கப்படும் ஸ்பேம் பெட்டியைத் திறந்தார், அங்கே கிடந்தது. அதற்குள் வேறிடத்தில் சரக்கு எடுத்துவிட்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை டொமைனில், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் கடைப் பெயரின் அமைப்புகளில், சேர்க்க வேண்டும். அஞ்சல் நம்மிடமிருந்துதான் போனது என்பதற்கு அவைதான் சாட்சி. முகவரி விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது. பெறுபவர்கள் ஸ்பேம் என்று புகார் செய்வது 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. சிறு வியாபாரிக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

மகள் உட்கார்ந்து மூன்றையும் சேர்த்தாள். செத்துப்போன முகவரிகளை நீக்கினோம். வழக்கமாகப் பதில் போடும் 20 பேருக்கு மட்டும் பெயர் சொல்லி எழுதினேன்; வாரா வாரம் கொஞ்சம் கூட்டினேன். ஆறாவது வாரம் நெல்லைக்காரரே பதில் எழுதினார்.

எங்கள் சந்தில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தொழில்காரர்கள் நிறையப் பேர். இந்தப் பதிவுகளைச் சேர்க்கும் முறையை உங்கள் வணிகப் பக்கத்தில் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

தோல்பை வியாபாரி,
தாராவி, மும்பை