தட்டுமேட்டில் கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர், "பூமி எப்போதுமே சூடாகியும் குளிர்ந்தும்தான் வந்திருக்கிறது, இப்போது மட்டும் மனிதனைக் குற்றம் சொல்ல என்ன ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலைத் தேடாமல், எல்லாம் வீண் பீதி என்று அவர் முடித்துவிட்டது என்னை வருத்தியது.

பனியுகங்கள் வந்து போனது உண்மை. பூமியின் சுற்றுப்பாதை பல்லாயிரம் வருடத்தில் மெல்ல மாறுவதால் அவை வந்தன. சரி, இப்போதைய சூட்டுக்குச் சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ரடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று மனாபே, வெதரால்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1967-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். செயற்கைக்கோள் அளவீடுகள் அப்புறம்தான் வந்தன. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் இருக்கிறது. செடிகொடிகள் கார்பன்-13 என்ற கனமான கார்பனைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். நிலக்கரியும் எண்ணெயும் பழங்காலத் தாவரங்களிலிருந்தும் கடலின் நுண்பாசிகளிலிருந்தும் வந்தவை என்பதால் அவற்றிலும் அது குறைவு. அவற்றை எரித்த வாயு கலப்பதால், இன்று காற்றில் கார்பன்-13-இன் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. 1958-ல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்கட்டியில் சிக்கியிருக்கும் எட்டு லட்சம் வருடக் காற்றில், தொழிற்புரட்சிக்கு முன் ஒருமுறைகூட அது இந்த உயரத்தை எட்டவில்லை.

எங்கள் பகுதி உப்பளப் பகுதி. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்துக்கு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். வெள்ளம் வடிந்தபின் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் அளத்துக்குப் போனேன். உப்பைக் குவித்து வைக்கும் மேடான தட்டுமேட்டில் ஓலை போட்டு மூடி வைத்திருந்த அம்பாரம், அதாவது உப்புக் குவியல், இருந்த இடத்தில் சேறுதான் கிடந்தது. ஓலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "92-லயும்தான் தாமிரபரணி பொங்குச்சு டீச்சர். இதுல புதுசா என்ன இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு மழையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை முன்பைவிடப் பலமாகப் பெய்ய வாய்ப்பு கூடுகிறது என்று மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப அம்பாரத்த இன்னும் மேட்டுல போடணுமா?" என்று கேட்டார்.

கண்ணால் கண்ட வெள்ளத்தை வைத்துப் பேசுகிற அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் கடைசியிலும் 80-களிலும் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை சரியாக இருந்ததை 2023-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே நிறுவனம் வெளியில், விஞ்ஞானத்தில் இன்னும் தெளிவில்லை என்று பல வருடம் பேசிவந்தது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான். அங்கே கிளப்பிவிட்ட சந்தேகம்தான் வாட்ஸ்அப் வழியாக எங்கள் டீக்கடைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வாசகரின் கடிதத்தை நீங்கள் வெளியிட்டதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே டீக்கடையில் உங்கள் இதழைச் சத்தமாக வாசிக்கிறார்கள். இனி இப்படியொரு கடிதம் வந்தால், வானிலை அறிந்த ஒருவரின் பதிலையும் அதே பக்கத்தில், அதே வாரம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
ஆறுமுகநேரி