மழை விட்டதும் ஜன்னலைத் திறந்துவிடாதே அம்மிணி

அம்மிணி,

இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். உங்கள் ஊர் வானிலை அறிக்கையைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு அங்கேயேதான் கிடக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

நாடு முழுக்கச் சேர்த்து அடுத்த 2 நாளைக்கு அமெரிக்க வானிலைத் துறைக்காரர்கள் போடுகிற அறிக்கையில் நீங்கள் இருக்கிற மின்னசோட்டா பக்கம் மூன்று சங்கதி இருக்கிறது: பலத்த இடிமழை, அப்புறம் உறைபனி, அப்புறம் கனடா காட்டுத்தீப் புகை. மூன்றையும் தனித்தனி என்று நினைக்காதே, ஒரே குளிர்காற்றுதான் மூன்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வருகிற ஈரக்காற்றை வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று முட்டி மேலே தள்ளுகிறபோது இடியும் ஆலங்கட்டியும், சில சமயம் டொர்னாடோ என்கிற சுழல்காற்றும் வரும். அது கடந்து போனால் பின்னாலேயே வறண்ட காற்று, தெளிந்த வானம், காற்றும் அடங்கிய அந்த ராத்திரிதான் பனி. கனடாவில் மனிடோபா பக்கம் காடு எரிந்துகொண்டிருந்தால் அதே வடக்குக் காற்றில் புகையும் வந்து இறங்கும். மழை விட்டுவிட்டது, நல்ல காற்று வருகிறது என்று நீ ஜன்னலைத் திறந்து போடுகிற நேரம்தான் எனக்குப் பயம்.

இடிமழைக்கு ஓக்லஹோமாவில் நார்மன் என்ற ஊரில் இருக்கிற மையம் 1 முதல் 5 வரை ஆபத்தை எண் போட்டுச் சொல்கிறது. 3 வந்தாலே அன்றைக்கு வெளியூர்ப் பயணம் வேண்டாம். கோபி, சத்தி பக்கம் சித்திரை வைகாசியில் அரை மணி நேரம் அடிக்கிற காற்றுக்கே குலை தள்ளிய வாழை தோட்டத்தோடு சாய்ந்துவிடுகிறது, அந்த வயிற்றெரிச்சல் தெரிந்தவன் சொல்கிறேன், அங்கே அடிப்பது வீட்டுக் கூரையையே தூக்கும். டொர்னாடோ வார்னிங் வந்தால் வீடியோ எடுக்க ஜன்னலோரம் நிற்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போய்விடு. ஊரில் ஊதுகிற சைரன் வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது, தூக்கத்தில் கேட்காது, அதனால் ராத்திரி போனை சைலன்டில் போடாதே.

பனிக்கு உன் கறிவேப்பிலைத் தொட்டியையும் மிளகாய், தக்காளி நாற்றையும் உள்ளே எடுத்து வை. ஃபாரன்ஹீட்டில் 36 டிகிரிதானே, உறையாது என்று விட்டுவிடாதே. அவர்கள் அளப்பது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், தரை அதைவிடக் குளிர்ந்து போயிருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி தை மாதத்தில் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதேதான். எடுக்க முடியாத செடிக்குப் பழைய பெட்ஷீட்டைத் தரை தொடுகிற மாதிரி மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடு.

புகைதான் எனக்குப் பெரிய கவலை, பையனுக்கு வீசிங் இருக்கிறது. 2023 ஜூனில் நியூயார்க் வானமே ஆரஞ்சாகிப் போனதை டிவியில் பார்த்தோமே, அதுவும் கனடாப் புகைதான். அந்தத் தூசி முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது, துணி மாஸ்க்கில் நிற்காது, என்95தான் வேண்டும். காற்றுத் தர எண் 100ஐத் தாண்டினாலே அவனை வெளியே விளையாட விடாதே, 150ஐத் தாண்டினால் நீங்களும் வெளியே ஓடப் போகாதீர்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம், வடை பஜ்ஜி சுடுவதும் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு நாமே புகை போட்ட மாதிரி ஆகிவிடும். சாமிக்கு விளக்கு மட்டும் போதும், அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். காரில் போனால் வெளிக்காற்று உள்ளே வராத பட்டனைப் போட்டுக்கொள். அவன் இன்ஹேலர் தீர்கிற நிலையில் இருந்தால் இன்றைக்கே வாங்கி வை.

அங்கே ராத்திரி 10 மணி என்றால் இங்கே காலை 8.30. அந்நேரம் தோட்டத்தில்தான் இருப்பேன், போன் பையிலேயே இருக்கும். பேஸ்மென்டுக்குப் போனால் போனதும், வெளியே வந்தால் வந்ததும் ஒரு மெசேஜ் போடு. பையனிடம் அப்புச்சி கேட்டதாகச் சொல்.

அப்பா