கேட்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் ஓராண்டுகூட நிலைப்பதில்லை என்ற குறை பல நிறுவனங்களில் கேட்கிறது. இன்றைய இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாகப் பணியாற்றி, பலருக்கு வேலை பழக்கிவிட்டவன் என்ற முறையில், குறையின் பெரும்பகுதி எங்களைப் போன்ற மூத்தவர்கள் பக்கமே இருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தார். அடையாள அட்டை, விதிமுறைக் கையேடு, அறிமுகம் என எல்லாம் முதல் நாளே முறைப்படி நடந்தன. நான்காம் நாள் பிற்பகல், ஒரு பில்லில் இருந்த தொகை கொள்முதல் ஆணையோடு ஒத்துப்போகாததால், அதைத் திருப்பி அனுப்புவதா நிறுத்திவைப்பதா என்று புரியாமல், ஒன்றரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று இருக்கை தள்ளித்தான் நான் இருந்தேன். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "எல்லாரும் வேலையா இருந்தீங்க சார், தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன்" என்றார். விளக்கிச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. அவர் தயங்கியது என் முகத்தைப் பார்த்துத்தான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கிருந்தவர்கள் நடந்த பிழையை அஞ்சாமல் வெளியே சொன்னதே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பணியிடப் பண்பாடு என்று நாம் பெரிதாகப் பேசுவது, புதியவர் முதல் முறை சந்தேகம் கேட்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் எப்படி நிமிர்ந்து பார்க்கிறார் என்பதில்தான் தொடங்குகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு மூத்த ஊழியரைத் துணையாக வைத்தோம். மதிப்பெண் போடுபவரிடம் அறியாமையைக் காட்ட யாருக்கும் கூச்சம் இருக்கும் என்பதால், மேலாளரை அதற்கு வைக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இத்தகைய துணை இன்னும் அவசியம். தடுமாறும் அவருடைய முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்த ஏற்பாடு பல இடங்களில் பெயரளவில் நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. துணையாக வைக்கப்பட்டவரின் வழக்கமான வேலையில் ஒரு கோப்பைக்கூடக் குறைக்காமல், இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் அவசரத்தில் அவர் புதியவரிடம் எரிந்து விழுந்தால் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே, வேலை பழக்கச் செலவாகும் நேரத்துக்கு ஈடாக மூத்தவரின் வேலையைக் குறைத்து, ஆண்டு மதிப்பீட்டிலும் அந்த நேரத்தை வேலையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்