உப்பளத் தொழிலாளர்களின் கண்ணைக் காக்க மழைக்கால முகாம் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
உப்பளப் பகுதியில் கண் பரிசோதனை செய்யும் தன்னார்வலர்கள்,
வேப்பலோடை, தருவைகுளம் சுற்றுவட்டாரம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தூத்துக்குடி.

பொருள்: உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில், அவர்கள் ஊரிலேயே, பிற்பகலில் கண் முகாமும் அதைத் தொடர்ந்து அறுவை சிகிச்சையும் நடத்தித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் டாக்டர்கள் இல்லை. பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற செவிலியர், கடை வைத்திருப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்த சிறு கூட்டம். மாதத்தில் இரண்டு நாள் உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருக்களுக்குப் போய்ப் பார்வையைச் சோதிக்கிறோம். எங்களிடம் இருப்பதெல்லாம் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தைப் பல பக்கமும் திருப்பி அச்சிட்ட ஓர் அட்டை, 6 மீட்டருக்கு முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு டார்ச், ஊசித் துளை போட்ட கறுப்பு அட்டை, அவ்வளவுதான். துளை வழியே பார்த்து எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியிலேயே சரியாகிவிடும். தெளியாவிட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அதைச் சொல்லி, பெயரை நோட்டில் எழுதி அனுப்பிவைப்பதோடு எங்கள் வேலை முடிகிறது. சொட்டு மருந்து யாருக்கும் தருவதில்லை.

அப்படி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்காகத்தான் இந்த மனு.

கடந்த பங்குனியில் ஓர் அக்காவைச் சோதித்தோம். ஐம்பதைத் தாண்டிய வயது, முப்பது வருஷமாக உப்புப் பெட்டி சுமக்கிறவர். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தபோது எழுத்து திரும்பியிருக்கும் பக்கத்தை விரலால் சரசரவென்று காட்டிவிட்டார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னோம். நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. “அட்டையை எடுத்துட்டியளா?” என்று கேட்டார். அட்டை அங்கேயேதான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் வலது கண்மணி சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு கண் போனதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல கண் இன்னொன்றின் குறையை அவ்வளவு தூரம் மறைத்துவிடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் நடந்த இலவச முகாமுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். அவர் போகவில்லை. கேட்டதற்கு, “ஆபரேசன் பண்ணுனா ஒரு மாசம் தூசி தண்ணி படக்கூடாதும்பாவ. சீசன்ல ஒரு மாசம் வீட்ல இருந்தா யாரு கூலி குடுப்பா?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அய்யா, முகாம்கள் நடக்காமல் இல்லை. பார்வை இழப்பைத் தடுக்க 1976-லேயே தேசியத் திட்டம் வந்துவிட்டது. முகாமில் பரிசோதனை, மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்ற முறையால் இந்த மாவட்டத்திலேயே எத்தனையோ பேருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. ஆனால் முகாம் தொடங்கும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் மக்கள் பாத்தியில் நிற்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் அவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும்போது முகாமில் மேசை நாற்காலியை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் உப்பளம் ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் இவர்கள் கூலி இழக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க முடியும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பளக் கிராமங்களிலேயே முகாம் நடத்தி, கண்புரை உள்ளவர்களுக்கு அப்போதே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மழைக்கால நிவாரணமாக அரசு ரூ.5,000 வழங்குவதற்கான தொழிலாளர் பட்டியல் ஏற்கெனவே அலுவலகத்தில் உண்டு. அந்தப் பட்டியலை வைத்தே முகாமுக்கு அழைத்தால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். சீசன் நேரத்தில் முகாம் வைக்க நேர்ந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போக வண்டி வருகிறது. ஆனால் ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும் மறுபரிசோதனைக்கு வண்டி இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பஸ் மாறிப் போக ஆளில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். கண் சிவந்து வலி எடுத்த பிறகே எங்களுக்குத் தகவல் வந்தது. தாமதமாகப் போனாலும் கண் தப்பியது. எல்லோருக்கும் அப்படி அமையாது. மறுபரிசோதனைக்கும் வண்டி வேண்டும்.

அப்புறம், கண் கூசுவது. வெள்ளை உப்பிலும் பாத்தித் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. தொப்பியோ முக்காடோ அதைத் தடுக்காது. வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து வெள்ளைவிழியில் சதை வளர்கிறது. அது கருவிழி மேல் ஏறினால் பார்வை மங்கும். எரிச்சலுக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் நீர் அழுத்தம் ஏறலாம்; அதனால் போன பார்வை திரும்பவே திரும்பாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடியை உப்பள உரிமையாளர்கள் ஆண்டுதோறும் தரும்படி, தொழிலாளர் துறை மூலம் அவர்களை அழைத்துப் பேச வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு விற்காதபடி மருந்துக் கடைகளுக்கும் எச்சரிக்கை போக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியை முகாமிலேயே கொடுத்துவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் சகோதரிகள், சர்க்கரை உள்ளவர்களிடம் “விழித்திரை பார்த்து ஒரு வருஷம் ஆச்சா?” என்று கேட்டு எழுதிக்கொண்டாலே பெரிய உதவி. சர்க்கரையால் விழித்திரை கெடுவது முதலில் வலியும் காட்டாது, மங்கலும் காட்டாது. ‘ஈ’ அட்டை வைத்துப் பார்க்க அந்தச் சகோதரிகளுக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் தயார். முகாம் நாளில் ஆட்களைக் கூட்டிவருவது, பெயர் பதிவது, முதியவர்களுக்குத் துணையாக மருத்துவமனையில் தங்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

எங்கள் நோட்டில் இதுவரை பதிந்து, சிகிச்சைக்குப் போகாமல் இருப்பவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு இந்த மனுவுடன் இணைத்திருக்கிறோம். மேலே சொன்ன அக்காவின் பெயர் அதில் முதலாவதாக இருக்கிறது. வரும் ஐப்பசியிலேயே அவருக்கு ஒரு நாள் குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பமிட்டுள்ள தன்னார்வலர்கள்)

இணைப்பு: சிகிச்சை தேவைப்படுவோர் பட்டியல்